கூப்பிடாமல் வரும் டோ டிரக்: ஸ்கார்பரோவில் எனக்கு நடந்தது

போன ஜனவரியில் 2,300 டாலரை இழந்தேன். டொராண்டோவுக்குப் புதிதாக வந்து, பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கும் நம்மவர்கள் பலருக்கு இந்த ஊர் டோ டிரக் (பழுதான காரை இழுத்துச் செல்லும் வண்டி) விஷயம் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

ஞாயிறு இரவு எட்டு மணி இருக்கும். மார்க்கம் பக்கம் உறவினர் வீட்டிலிருந்து நானும் மனைவியும் நான்கு வயது மகளும் திரும்பிக்கொண்டிருந்தோம். வெளியே மைனஸ் 18. மார்க்கம் ரோட்டில் ஷெப்பர்ட் சந்திப்பை நெருங்கும்போது பேட்டரி விளக்கு எரிந்தது. அடுத்த நொடியே ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. எங்களுடையது பழைய ஹோண்டா சிவிக். எப்படியோ ஓரம் கட்டினேன். எஞ்சின் சூடு ஏறிக்கொண்டே போனதால் அதையும் அணைத்துவிட்டேன். ஹீட்டரும் போயிற்று.

இன்சூரன்ஸ் அட்டையைத் தேடி எடுப்பதற்குள் பின்னால் மஞ்சள் விளக்கு சுழன்றது. நான் யாரையும் கூப்பிடவில்லை. அந்த ஓட்டுநர் மிக அன்பாகப் பேசினார். முதலில் மனைவியையும் குழந்தையையும் தன் வண்டிக்குள் உட்காரவைத்து ஹீட்டரைக் கூட்டினார். மகள் நடுங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவர் எனக்குத் தெய்வமாகத்தான் தெரிந்தார். அப்புறம் வேகவேகமாகச் சொன்னார்: இங்கே நிறுத்தினால் போலீஸ் அபராதம் போடும், பக்கத்தில் தெரிந்த கராஜ் இருக்கிறது, அங்கே ரிப்பேர் செய்தால் டோ இலவசம், எல்லாவற்றையும் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். மால்வெர்னில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டேன். ஞாயிறு இரவு அப்படிச் செய்ய முடியாது என்றார். கைபேசியை நீட்டி விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். என்ன எழுதியிருந்தது என்று நான் படிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது காரின் முன்பக்கம் ஏற்கெனவே மேலே தூக்கப்பட்டிருந்தது.

மறுநாள் மதியம் கராஜிலிருந்து போன் வந்தது. டோ 420, டாலி (இழுக்கும்போது சக்கரத்துக்கு அடியில் வைக்கும் சிறு தள்ளுவண்டி) 150, இரவு நேரக் கட்டணம் 100, யார்டு வாடகை இரண்டு நாளுக்கு 160, நிர்வாகச் செலவு 75. இரவு பத்து மணிக்குப் போய் நின்ற காருக்கு ஞாயிறும் ஒரு நாள் கணக்கு! அதோடு ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பாகம்) போய்விட்டது, புதிதாக மாற்றிவிட்டோம் என்று 1,140. வரி தனி. நான் ரிப்பேர் செய்யச் சொல்லவே இல்லையே என்றேன். நேற்று கையெழுத்துப் போட்டீர்களே என்றார்கள். கார் நிற்கும் ஒவ்வொரு நாளும் இன்னும் 80 டாலர் ஏறும் என்று வேறு சொன்னார்கள். எனக்கு ஏஜாக்ஸில் இரவு ஷிஃப்ட், கார் இல்லாமல் போக முடியாது. நேரில் போனால் கார்டு மெஷின் வேலை செய்யவில்லை, பணமாகத்தான் வேண்டும் என்றார்கள். பேரம் பேசி 2,300 கொடுத்தேன். ரசீதில் 'டோ, ரிப்பேர்' என்று ஒரே ஒரு வரி.

ஒரு வாரம் கழித்து, நண்பர் ஒருவர் சொன்னதால் காரை யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவரிடம் காட்டினேன். முப்பது வருடமாக இங்கே மெக்கானிக்காக இருப்பவர். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தம்பி, ஆர் உங்களுக்குப் புது ஆல்டர்னேட்டர் எண்டு சொன்னது? இது காரோட வந்தது. பெல்ட் அறுந்திருக்கு, அதை மட்டும்தான் மாத்தியிருக்கினம்."

துருவும் எண்ணெய்க் கறையும் படிந்த அந்தப் பாகத்தை எனக்கும் காட்டினார். இந்தக் காரில் ஆல்டர்னேட்டர், ஸ்டீயரிங் பம்ப், தண்ணீர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே பெல்ட்தான் சுழற்றுகிறதாம். அது அறுந்ததால்தான் பேட்டரி விளக்கு, கனத்த ஸ்டீயரிங், ஏறிய சூடு மூன்றும் ஒன்றாக வந்தன. பழைய பாகத்தைக் கேட்டு வாங்கினீங்களா என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் டோ தொழிலுக்கென்றே 2021இல் சட்டம் வந்திருக்கிறது. 2024 முதல் மாகாணச் சான்றிதழ் இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்யக்கூடாது. இழுப்பதற்கு முன் ஒப்புதல் படிவம் தர வேண்டும், கட்டண விவரத்தைக் காட்ட வேண்டும். கார் எங்கே போக வேண்டும் என்பதை முடிவு செய்வது நாம்தான். பில்லில் ஒவ்வொரு செலவும் தனித்தனியாக இருக்க வேண்டும். கார்டை மறுக்க முடியாது. அந்த இரவில் இது ஒன்றாவது எனக்குத் தெரிந்திருந்தால், மால்வெர்னுக்குக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் காரைக் கீழே இறக்குங்கள் என்று சொல்லியிருப்பேன்.

ரிப்பேருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கராஜ் முதலில் எழுத்தில் எஸ்டிமேட் (செலவு மதிப்பீடு) தர வேண்டும், நம் சம்மதம் இல்லாமல் வேலையைத் தொடக்கூடாது. எஸ்டிமேட்டுக்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டி வாங்கக்கூடாது. வேண்டாம் என்று நாம் முன்பே சொல்லாவிட்டால் கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். புதிய பாகத்துக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதம் உண்டு. பழைய ஆல்டர்னேட்டரைக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர்கள் பொய் அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.

எனக்கு மிகவும் வலிப்பது இன்னொன்று. என் இன்சூரன்ஸிலேயே சாலையோர உதவிக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். அதற்கான எண், காரின் முன்பக்கப் பெட்டியில் கிடந்த காகிதத்தில் இருந்தது. அன்று இரவு அந்த எண்ணைக் கூப்பிட்டு, அவர்கள் அனுப்பும் வண்டி வரும்வரை எதிரே இருந்த காபிக் கடையில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கலாம். தானாக வரும் வண்டியின் ஹீட்டருக்குள் குடும்பத்தை ஏற்றாதீர்கள். அதற்குள் உட்கார்ந்த பிறகு வேண்டாம் என்று சொல்ல வாய் வராது, எனக்கு வரவில்லை. உங்கள் இன்சூரன்ஸ் காகிதத்தை இன்றே எடுத்து, சாலையோர உதவி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எண்ணைக் கைபேசியில் சேமித்து, கணவன் மனைவி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரசீதையும், ஆல்டர்னேட்டரின் படங்களையும், அண்ணா எழுதிக் கொடுத்த குறிப்பையும் சேர்த்து மாகாண அரசிடம் புகார் கொடுத்திருக்கிறேன். கார்டில் கட்டியிருந்தால் வங்கி வழியாகவும் கேட்டிருக்கலாம், பணமாகக் கொடுத்ததால் அந்த வழி அடைபட்டுவிட்டது. இதே மாதிரி ஏமாந்தவர்கள் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாமல் நீங்களும் புகார் கொடுங்கள். எழுத உதவி வேண்டுமானால் கேளுங்கள், நான் உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.