கல்லூரி விண்ணப்ப ஆலோசனை: 4,800 டாலருக்கு எங்களுக்குக் கிடைத்தது

எங்கள் மகள் நியூ ஜெர்சியில் ஒரு அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். அவள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஜனவரியில், ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்தில் 20 மணி நேரத் தொகுப்பு வாங்கினோம். 4,800 டாலர். அந்தப் பணத்தில் எது வேலைக்கு ஆனது, எது ஆகவில்லை என்று மற்ற பெற்றோருக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் சந்திப்பு விற்பனைப் பிரிவைச் சேர்ந்த ஒருவரோடு. பள்ளி இசைக்குழுவில் வயலின், கணக்கு மன்றம், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு உதவி என்று மகள் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, “இது எல்லாப் பிள்ளைகளிடமும் இருப்பதுதான்” என்றார். உடனே ஒரு தொண்டு நிறுவனம் தொடங்க வேண்டும், கோடையில் பெயர்பெற்ற பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் மூன்று வார முகாமுக்குப் போக வேண்டும் என்றார். முகாமுக்கு மட்டும் 6,000 டாலருக்கு மேல். பிள்ளையின் முகம் அப்படியே வாடிப்போனது. என் கணவர் அன்று ராத்திரியே சேமிப்புக் கணக்கைத் திறந்து பார்த்தார்.

நல்லவேளை, முகாமுக்குப் பணம் கட்டும் முன் கொஞ்சம் தேடிப் பார்த்தோம். எம்ஐடியில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) நடக்கும் ஆர்எஸ்ஐ, மைட்ஸ் போன்ற கோடைத் திட்டங்கள் சேரும் மாணவர்களிடம் பயிற்சிக் கட்டணம் வாங்குவதில்லை. அதில் இடம் கிடைப்பதுதான் கஷ்டம். பணம் கட்டினால் இடம் என்கிற முகாமுக்கு அந்த மதிப்பு கிடையாது. வளாகத்தை வாடகைக்கு எடுத்து வெளியார் நடத்தும் முகாம்களும் உண்டு. எம்ஐடி தன் சொந்த விண்ணப்பத்தில், பாடத்துக்கு வெளியே செய்கிற நான்கே நான்கு செயல்பாடுகளைத்தான் கேட்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதைப் படித்த பிறகு எண்ணிக்கையைக் கூட்டும் யோசனையை விட்டுவிட்டோம்.

அப்புறம் எங்களுக்கென்று ஒதுக்கிய ஆலோசகர் வந்தார். முன்பு ஒரு கல்லூரியில் விண்ணப்பங்களை வாசிக்கும் வேலையில் இருந்த அம்மா அவர். கொடுத்த பணத்துக்கு நியாயம் செய்தவர் அவர்தான். இரண்டாவது சந்திப்பில் மகளிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: “பள்ளி விட்டு வந்து சாப்பாட்டு நேரம் வரை என்ன செய்கிறாய்?”

“ஒன்றுமில்லை, பாட்டியைப் பார்த்துக்கொள்வேன்” என்றாள்.

என் மாமியார் இரண்டு வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து எங்களோடு இருக்கிறார். நானும் கணவரும் வேலையிலிருந்து திரும்ப ஆறு மணி ஆகிவிடும். வாரத்தில் நான்கு நாள் மூன்றரையிலிருந்து ஆறு வரை மகள்தான் கூட இருப்பாள். அது விண்ணப்பத்தில் எழுதக்கூடிய விஷயம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் குடும்பப் பொறுப்புகள் என்று தனி வகையே இருக்கிறது. பத்து செயல்பாடுகள் வரை எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்று போட வேண்டும். கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு பத்து மணி நேரம். வேறு எதற்கும் அவள் இத்தனை நேரம் கொடுத்ததில்லை.

விவரிக்க இடைவெளியையும் சேர்த்து 150 எழுத்துதான் இடம். மகள் முதலில் எழுதியது: “பாட்டியை அன்போடு கவனித்துக்கொண்டேன், வீட்டு வேலைகளில் உதவினேன்.” ஆலோசகர் திருத்தவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். எத்தனை மருந்து? ஒன்பது. யார் எடுத்து வைப்பது? நான்தான், ஞாயிற்றுக்கிழமை டப்பாவில். டாக்டரிடம் யார் பேசுவது? பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான், அதனால் நான்தான் சொல்வேன். ஒரு மணி நேரம் கழித்து அந்த வரியில் இருந்தவை: ஒன்பது மருந்துகளின் அட்டவணை, ரத்த அழுத்தம், சர்க்கரைக் குறிப்பேடு, டாக்டர் சந்திப்புகளில் மொழிபெயர்ப்பு. “அன்போடு” போய்விட்டது. பட்டியலிலேயே இல்லாத விஷயம் முதல் வரியாக ஆனது. பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, என் பிள்ளையைப் பற்றியே அன்றுதான் சில விஷயங்கள் தெரிந்தன.

சிபாரிசுக் கடிதத்துக்கும் அவர் சொன்ன வழி நல்ல வழி. சுலபமாக முதல் மதிப்பெண் வாங்கிய பாடத்தின் ஆசிரியரை விட்டுவிட்டு, தடுமாறி, தினமும் சந்தேகம் கேட்டு மேலே வந்த வேதியியல் ஆசிரியரிடம் கேட்கச் சொன்னார். அதுவும் பதினொன்றாம் வகுப்பு முடிவதற்குள்ளேயே. இலையுதிர் காலத்தில் போய் நின்றால் அவர்கள் கையில் ஏற்கெனவே நிறைய பேர் இருப்பார்கள்.

கட்டுரை விஷயத்தில்தான் எனக்கு மனவருத்தம். காமன் ஆப் கட்டுரை அதிகபட்சம் 650 வார்த்தை. பாட்டியின் மருந்து டப்பாவில் மெட்டோப்ரோலால் என்று ஒரு மாத்திரையும் லோப்ரசர் என்று இன்னொன்றும் இருந்ததை மகள் ஒருநாள் கவனித்தாள். இரண்டும் ஒரே மருந்துதான், ஒன்று நிறுவனம் வைத்த பெயர். இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். மருந்துக் கடைக்குப் போன் செய்து, குரல் நடுங்க நடுங்க அவள் பேசியதைப் பற்றி எழுதினாள். நன்றாக வந்திருந்தது. நிறுவனம் அதைத் தன்னுடைய “கட்டுரைத் திருத்துநர்” ஒருவருக்கு அனுப்பியது. திரும்பி வந்ததில் போன் இல்லை, நடுக்கம் இல்லை. சுகாதார அமைப்பின் குறைபாடுகளைப் பற்றிப் பெரிய பெரிய வாக்கியங்கள். மகள் சத்தமாக வாசித்துப் பார்த்துவிட்டு, “நான் இப்படிப் பேசவே மாட்டேனே அம்மா” என்றாள். பழையதையே வைத்துக்கொண்டோம். பதினேழு வயதுப் பிள்ளை எழுதியதை அவள் பெயரிலேயே வேறொருவர் மாற்றி எழுதுவது தப்பு. இதற்குப் பணம் வாங்குவது இன்னும் பெரிய தப்பு.

கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வுக்குப் பயிற்சியைத் தனியாக விற்கப் பார்த்தார்கள், வாங்கவில்லை. கான் அகாடமி இணையதளத்தில் பாடங்கள் இலவசம், அந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் முழு மாதிரித் தேர்வுகளும் இலவசம். எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. எம்ஐடி 2022-லேயே தேர்வு மதிப்பெண்ணைத் திரும்பக் கட்டாயமாக்கிவிட்டது, கலிபோர்னியா பல்கலைக்கழகமோ மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. அதனால் எந்தக் கல்லூரிக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே ஆக வேண்டும்.

நிறுவனம் தயாரித்த கல்லூரிப் பட்டியலில் பெயர்பெற்ற பன்னிரண்டு இடங்கள், நிச்சயம் கிடைக்கும் என்று சொல்லக்கூடியது ஒன்றுகூட இல்லை. பெரும்பாலான கல்லூரிகள் ‘காமன் டேட்டா செட்’ என்று ஓர் ஆவணம் வெளியிடுகின்றன. அதில் சி7 பகுதியைப் பாருங்கள். பாடங்களின் கடினம், மதிப்பெண், கட்டுரை, சிபாரிசு என்று எதற்கு எவ்வளவு முக்கியம் கொடுக்கிறோம் என்று அவர்களே குறித்திருப்பார்கள். அதை வைத்து நானும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பட்டியலை மாற்றினோம். எங்கள் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸைச் சேர்த்தோம்.

இன்னொன்று, பள்ளியிலேயே இருக்கும் ஆலோசகரை மறந்துவிடாதீர்கள். எவ்வளவு பணம் கொடுத்தாலும் வெளி ஆலோசகர் பள்ளியின் மதிப்பெண் பட்டியலையோ, பள்ளி விவரத்தையோ, பள்ளி சார்பான கடிதத்தையோ அனுப்ப முடியாது. எங்கள் பள்ளியில் பெற்றோருக்கு ஒரு படிவம் தந்தார்கள். மாமியார் விஷயத்தை அதில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வீட்டு நிலைமையைப் பள்ளியின் வாயால் சொல்ல அதுதான் வழி.

மார்ச் கடைசிக்குள் எல்லாப் பதிலும் வந்துவிட்டது. விண்ணப்பித்த பதினொன்றில் ஐந்து இடம் கிடைத்தது, இரண்டில் காத்திருப்போர் பட்டியல். அவளுக்குப் பிடித்த ஒன்றில் சேரப்போகிறாள்.

தொகுப்பில் நான்கு மணி நேரம் மிச்சம். பணம் திரும்பக் கேட்டோம். ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை என்றார்கள். கையெழுத்துப் போடும் முன், தொகுப்பாக இல்லாமல் தேவையான மணி நேரத்துக்கு மட்டும் வாங்க முடியுமா, பிள்ளையின் கட்டுரையில் யாரெல்லாம் கை வைப்பார்கள் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மகன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அதே ஆலோசகர் தனியாகக் கிடைத்தால் அவனுக்கு ஆறு மணி நேரம் வாங்குவேன். தொகுப்பு வாங்க மாட்டேன்.