வான்கார்டா, ஃபிடெலிட்டியா?

இரண்டும் பலரின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் அமெரிக்கப் பரஸ்பர நிதி (மியூச்சுவல் ஃபண்ட்) நிறுவனங்கள், குணம்தான் வேறு. பாஸ்டனில் 1946-ல் எட்வர்ட் ஜான்சன் தொடங்கிய ஃபிடெலிட்டி இன்றும் அந்தக் குடும்பத்தின் பிடியில்தான் இருக்கிறது. அதன் நட்சத்திரம், பங்குகளைத் தேர்ந்தெடுத்து வாங்கிய நிதி மேலாளர் பீட்டர் லிஞ்ச். 1977 முதல் 1990 வரை மெகல்லன் நிதியில் ஆண்டுக்குச் சராசரியாக 29 சதவீத வருமானம் காட்டினார்.

வான்கார்டின் கதை இன்னும் சுவையானது. வெலிங்டன் நிறுவனத் தலைமையிலிருந்து விரட்டப்பட்ட ஜான் போகிள் தொடங்கியது அது. 1976-ல், பங்குகளைத் தேர்ந்தெடுக்காமல் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்தொடரும் குறியீட்டு நிதி ஒன்றைக் கொண்டுவந்து 15 கோடி டாலர் எதிர்பார்த்தார். வந்தது சுமார் 1.13 கோடி. 'போகிளின் மடமை' என்று சிரித்தார்கள். நிறுவனத்தின் உரிமையோ முதலீட்டாளர்களிடமே இருக்கிறது. லாபம் கட்டணக் குறைப்பாக அவர்களுக்கே திரும்புகிறது.

அடுத்த லிஞ்ச் யாரென்று முன்கூட்டியே கண்டுபிடிக்கத் தெரியாத நமக்குப் போகிள் வழியே மேல். 2018-ல் ஃபிடெலிட்டியே கட்டணமில்லாக் குறியீட்டு நிதிகளை இறக்கிவிட்டது!