கேம் துறையில் முதல் வேலை: பெரிய ஸ்டுடியோவா, சின்னக் குழுவா, தனி ஆவர்த்தனமா?

கேம் செய்ய உதவும் மென்பொருளான என்ஜினில் எதைக் கற்றுக்கொள்வது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறைய. அதே ஆட்கள், முதல் இரண்டு மூன்று வருடம் எந்த மாதிரி இடத்தில் உட்காரப் போகிறோம் என்று அரை மணி நேரம்கூட யோசிப்பதில்லை. யூனிட்டி என்ற என்ஜினிலிருந்து அன்ரியல் என்ற என்ஜினுக்கு மாறச் சில மாதம் போதும். முதல் வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கங்களை உதற அதைவிட நாளாகும்.

வழிகள் நான்கு. பல நூறு பேர் வேலை செய்யும் பெரிய ஸ்டுடியோ. முப்பது பேருக்குள் அடங்கும் சின்னக் குழு. மற்றவர்களின் கேம்களுக்கு வேலை செய்து கொடுக்கும் சேவை ஸ்டுடியோ. அப்புறம், யாரையும் எதிர்பார்க்காமல் தனியாக இறங்குவது. இவற்றைச் சம்பளத்தை வைத்து நான் ஒப்பிடப் போவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டே கேள்விகள்: அங்கே இருக்கும் காலத்தில் எத்தனை கேம் முடிந்து வெளியே போவதைப் பார்ப்பீர்கள்? நீங்கள் கற்றுக்கொள்ளும்போது செய்யும் தப்புகளுக்கு யார் கைக்காசு போகும்?

முதல் கேள்விக்கு ஏன் இவ்வளவு எடை என்றால், கேம் செய்வதில் ஆரம்பம் எல்லோருக்கும் தெரியும். ஒரு பொம்மையைக் குதிக்க வைக்க யூடியூபே கற்றுக்கொடுத்துவிடும். கடைசி நாலு மாதம்தான் தொழில். ஆட்டத்தின் நடுவில் கன்ட்ரோலரின் இணைப்பு அறுந்தால் என்ன ஆகிறது, சேவ் எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் பழைய சேவ் பிழைக்குமா, ஜெர்மன் மொழிக்கு மாற்றியதும் பட்டனைத் தாண்டி வழியும் வார்த்தையை என்ன செய்வது. கன்சோலில் வெளியிட வேண்டுமென்றால் அந்தக் கன்சோல் நிறுவனத்தின் சோதனையில் தேற வேண்டும். அங்கே இந்த மாதிரி விஷயங்களைத்தான் தோண்டுவார்கள். இதை ஒருமுறையாவது முழுசாகக் கடந்தவரின் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

பெரிய ஸ்டுடியோ

நல்லதைச் சொல்லிவிடுவோம். உங்கள் வேலையைத் தினம் பார்த்துத் திருத்த, பத்து வருடம் அதே வேலையைச் செய்த ஒருவர் பக்கத்தில் இருப்பார். அனிமேஷன் என்றால் அனிமேஷன் மட்டும், லைட்டிங் என்றால் லைட்டிங் மட்டும் என்று ஆழமாகப் போகலாம். நீங்கள் சொதப்பினால் பில்ட் (அன்றைக்கு ஓடும் கேமின் பதிப்பு) உடையும், நாலு பேர் முறைப்பார்கள், மறுநாள் சரியாகிவிடும். உங்கள் வீட்டு வாடகைக்கு ஆபத்தில்லை. இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேறெங்கும் கிடைக்காது.

முதல் கேள்வியில்தான் அடி. சைபர்பங்க் 2077 அறிவிக்கப்பட்டது 2012இல், கைக்கு வந்தது 2020 டிசம்பரில். எல்லாக் கேமும் அவ்வளவு இழுக்காது என்றாலும், நான்கைந்து வருடம் என்பது பெரிய கேமுக்குச் சகஜம். நடுவில் சேர்ந்து நடுவிலேயே விலகினால், கையில் காட்ட ஒன்றுமிருக்காது. ரகசிய ஒப்பந்தம் இருப்பதால், வெளிவராத கேமுக்குச் செய்ததைப் போர்ட்ஃபோலியோவில் வைக்கவும் முடியாது. வெளியீட்டுக்கு முன்பே விலகியவர்களின் பெயரைக் கிரெடிட்ஸில் விட்டுவிடும் வழக்கமும் இந்தத் துறையில் உண்டு.

பெரிய இடம் என்றால் பத்திரம் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். 2023 செப்டம்பரில் ஃபோர்ட்நைட் செய்யும் எபிக் சுமார் 830 பேரை வேலையிலிருந்து அனுப்பியது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட்டின் கேமிங் பிரிவில் 1,900 பேர். அடுத்த மாதமே ப்ளேஸ்டேஷன் பக்கம் சுமார் 900 பேர். நல்ல கேம் செய்தால் தப்பலாம் என்பவர்களுக்கு ஹை-ஃபை ரஷ் கதை இருக்கிறது. 2023 ஜனவரியில் வந்து பாராட்டு மழையில் நனைந்த கேம் அது. 2024 ஏப்ரலில் அனிமேஷனுக்காக பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. அடுத்த மாதமே, அதைச் செய்த டாங்கோ கேம்வொர்க்ஸை மூடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பிறகு கொரிய நிறுவனமான கிராஃப்டன் வந்து எடுத்துக்கொண்டது வேறு விஷயம். விருது வாங்கிய மாதமும் வேலை போகிற மாதமும் காலண்டரில் அடுத்தடுத்த தாளில் இருந்தன.

வெளியீடு நெருங்கும்போது ராத்திரி பகலாக உழைப்பதை க்ரஞ்ச் என்கிறார்கள். 2004இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஊழியர் ஒருவரின் துணைவி இணையத்தில் எழுதிய கடிதம் அந்தக் கொடுமையை ஊரறியச் செய்தது. ஓவர்டைம் வழக்குகளில் அந்த நிறுவனம் கோடிக்கணக்கில் இழப்பீடு கொடுக்க வேண்டியிருந்தது. அதோடு க்ரஞ்ச் ஒழிந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சின்ன இடங்களிலும் இது உண்டு. அங்கே பெயர் வைக்காமல் செய்வார்கள்.

சின்னக் குழு

பன்னிரண்டு பேர் இருக்கும் இடத்தில் லெவல் டிசைனர் என்று சேர்ந்தால், இரண்டு மாதத்தில் டுடோரியல் எழுதுவீர்கள், டிரெய்லருக்குக் காட்சி பிடிப்பீர்கள், கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தின் பக்கத்துக்கு வாசகம் எழுதுவீர்கள். ஒரு கேம் எப்படி ஒரு முழு உடம்பாக நிற்கிறது என்பது இங்கேதான் பிடிபடும். செலஸ்ட் என்ற கேம் நினைவிருக்கிறதா? இரண்டு பேர் பிகோ-8 என்ற குட்டிக் கேம் கருவியில் நாலே நாளில் செய்த துண்டுக் கேமாகத்தான் அது பிறந்தது. அதையே ஒரு சிறு குழு வளர்த்து 2018 ஜனவரியில் முழு வடிவில் வெளியிட்டது. முதல் யோசனையிலிருந்து விற்பனை நாள் வரைக்கும் எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்க்க முடிகிற அளவு அது.

இங்கே இருக்கும் ஆபத்து பணம். பெரும்பாலான சின்னக் குழுக்கள், கேமை வெளியிட்டு விற்கும் பப்ளிஷர் தவணை தவணையாகக் கொடுக்கும் பணத்தில் ஓடுகின்றன. ஒரு மைல்கல் தள்ளிப்போனால் தவணையும் தள்ளிப்போகும், சம்பளமும் அதன் பின்னால் போகும். நேர்முகத்தில் "இன்னும் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். நேர்மையான குழு நேரடியாகப் பதில் சொல்லும். "அதெல்லாம் பார்த்துக்கலாம், நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று வந்தால், பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

இன்னொரு குறையும் உண்டு. உங்கள் துறையில் உங்களைவிட மூத்தவர் யாருமே இல்லாமல் போகலாம். ஒரே புரோகிராமர் நீங்களென்றால், உங்கள் கோடில் என்ன தப்பு என்று சொல்ல ஆளிருக்காது. மூன்று வருடம் கழித்து வேறிடம் போகும்போதுதான் எத்தனை குறுக்குவழிகளைச் சரியான வழி என்று நம்பியிருந்தோம் என்பது தெரியவரும்.

சேவை ஸ்டுடியோ

ஏனோ இதைக் கனவு வேலை என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு இதன்மேல் ஒரு தனி மரியாதை. 1998இல் டப்ளினில் தொடங்கிய கீவேர்ட்ஸ், 2004இல் தொடங்கிய வர்ச்சுவோஸ் போன்றவை கேம் வாங்குகிறவர்களுக்கு அதிகம் தெரியாத பெயர்கள். ஆனால் நீங்கள் ஆடிய பெரிய கேம்களில் எங்காவது ஒரு மூலையில் இவர்கள் கை பட்டிருக்க வாய்ப்பு அதிகம். 3டி மாடல்கள், வேறு கன்சோலில் ஓடும்படி மாற்றுவது (போர்ட்), மொழிபெயர்ப்பு, டெஸ்டிங் என்று சகலமும் செய்வார்கள். 2025 ஏப்ரலில் வந்த ஒப்ளிவியன் ரீமாஸ்டர் வர்ச்சுவோஸ் பெதெஸ்டாவோடு சேர்ந்து செய்தது.

அதே மாதம்தான் கிளேர் ஒப்ஸ்கியூர் என்ற கேம் வந்தது. முப்பது சொச்சம் பேர் கொண்ட ஸ்டுடியோ இவ்வளவு பெரிய கேம் செய்துவிட்டதே என்று உலகமே வியந்தது. சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் கிரெடிட்ஸை ஓடவிட்டுப் பார்த்தால் வெளியிலிருந்து வேலை செய்த அனிமேட்டர்கள், டெஸ்டர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், இசைக்கலைஞர்கள் என்று பட்டியல் நீளும். சின்னக் குழு பெரிய கேம் செய்வதற்கு முதுகெலும்பே இந்த வெளி ஆட்கள்தான்.

ஆரம்பிப்பவருக்கு இதில் என்ன லாபம்? ஒரே வருடத்தில் இரண்டு மூன்று கேம்களுக்கு வேலை செய்ய நேரிடும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஃபைல் பெயர் வைக்கும் முறையே வேறாக இருக்கும். அதற்கெல்லாம் வளைந்து கொடுக்கப் பழகிவிடுவீர்கள். தேதிக்கு வேலையைக் கொடுக்கும் ஒழுக்கமும் வரும். நஷ்டம் என்னவென்றால், முடிவெடுப்பவர் எப்போதும் வேறொருவர். கேமில் இந்தப் பெட்டி ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்கும் இடத்தில் நீங்கள் இல்லை. பெட்டிக்கு எவ்வளவு துரு வேண்டும் என்பதோடு உங்கள் பேச்சு முடியும். கிரெடிட்ஸில் சில நேரம் நிறுவனத்தின் பெயர் மட்டும் வரும், உங்கள் பெயர் வராது. சேரும்முன் இதைக் கேட்டுவிடுங்கள். ஓவியர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் வாசல் இது. டிசைனராக விரும்புகிறவர் இங்கே வருடக்கணக்கில் தங்கிவிடக் கூடாது.

தனி ஆவர்த்தனம்

எல்லோரும் முதலில் சொல்வது ஸ்டார்டியூ வேலி என்ற விவசாயக் கேமைத்தான். எரிக் பரோன் நாலரை வருடம் தனியாக உட்கார்ந்து படம், இசை, கதை, கோட் எல்லாம் செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். உண்மைதான். அந்த வருடங்களில் அவர் ஒரு தியேட்டரில் பகுதிநேர வேலை பார்த்தார் என்பதையும், அவருடைய துணைவி சம்பாதித்து வீட்டைத் தாங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்வோர் குறைவு. இன்னும் சுவையான விஷயம்: கணினி அறிவியல் படித்து முடித்து வேலை கிடைக்காமல், வேலை தேடுவதற்கான பயிற்சியாகத்தான் அவர் அதை ஆரம்பித்தார்.

மற்ற பெரிய பெயர்களையும் பாருங்கள். பேப்பர்ஸ், ப்ளீஸ் செய்த லூகஸ் போப் அதற்குமுன் நாட்டி டாக் ஸ்டுடியோவில் அன்சார்ட்டட் கேம்களில் வேலை செய்தவர். மைன்கிராஃப்டின் மார்க்கஸ் பெர்சன் அதற்குமுன் பல வருடம் கிங் நிறுவனத்தில் சம்பளத்துக்குக் கேம் செய்தவர். வேம்பயர் சர்வைவர்ஸின் லூகா கலான்டே சூதாட்டக் கேம் துறையில் புரோகிராமராக இருந்தவர். தனியாக ஜெயித்தவர்கள் என்று நாம் கொண்டாடும் பலர், முதலில் இன்னொருவர் காசில் தொழில் பழகியிருக்கிறார்கள். என் இரண்டாவது கேள்வியின் பதில் இதில் இருக்கிறது.

கணக்கையும் போட்டுவிடலாம். ஸ்டீமில் ஒரு கேமை ஏற்ற 100 டாலர் கட்டணம். யார் வேண்டுமானாலும் கட்டலாம் என்பதால் 2024இல் மட்டும் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேம்கள் அங்கே வந்து குவிந்தன. விற்பனையில் 30 சதவீதம் ஸ்டீமுக்கு. பத்து டாலர் கேமில் உங்களுக்கு ஏழு. அதிலிருந்து வரி, தள்ளுபடி, ரீஃபண்ட் போக மிச்சம். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது ஸ்டீமின் விதி. ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற அழகான கதைக் கேம் செய்ய நினைப்பவர் இதைத் தலையணைக்கு அடியில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அமாங் அஸ் 2018இல் வந்து யாரும் கவனிக்காமல் கிடந்து 2020இல் வெடித்தது என்பார்கள். சரி, நடந்தது. அந்த இரண்டு வருடம் சோறு எங்கிருந்து வரும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

இரண்டு பக்கவாசல்கள்

டெஸ்டிங் வழியாக நுழைந்து டிசைனர் ஆனவர்கள் உண்டு. ஆனால் பல இடங்களில் டெஸ்டர்களுக்கு ஒப்பந்த வேலை, மற்ற குழுக்களோடு கலக்காத தனிக் கட்டடம். 2021 டிசம்பரில் ரேவன் சாஃப்ட்வேரில் டெஸ்டர்கள் சிலரை நிறுத்தப் போவதாகச் சொன்னதும் மற்றவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், 2022இல் சங்கமே அமைத்தார்கள். டெஸ்டர் வேலைக்குப் போனால், கண்டுபிடித்த பிழையை (பக்) தெளிவாக எழுதிக் கொடுக்கும் கலையைக் கற்றுக்கொண்டு, டெவலப்பர்களோடு நேரில் பேச முடிகிற இடமா என்று பார்த்துச் சேருங்கள். இல்லையென்றால் அந்தக் கதவு திறக்காது.

மாட் செய்வது, அதாவது வெளிவந்த கேமை ரசிகர்களே மாற்றியமைப்பது, எனக்கு டெஸ்டிங்கைவிடப் பிடித்த வழி. ஏற்கெனவே ஓடுகிற கேமின்மேல் வேலை செய்வதால், ஆட ஆளும் தயார், பாதி அமைப்பும் தயார். கவுண்டர்-ஸ்ட்ரைக் 1999இல் ஹாஃப்-லைஃபின் மாடாகத்தான் வந்தது. அடுத்த வருடமே ஹாஃப்-லைஃப் செய்த வால்வ் நிறுவனம் அதை வாங்கி, செய்தவர்களையும் வேலைக்கு எடுத்தது. மாணவர் படைப்புக்கும் அந்த அதிர்ஷ்டம் உண்டு. டிஜிபென் என்ற கேம் கல்லூரியின் மாணவர்கள் 2005இல் செய்த நார்பாகுலர் டிராப்பைப் பார்த்து, குழுவை அப்படியே வால்வ் கூட்டிக்கொண்டது. இரண்டு வருடத்தில் போர்ட்டல் என்ற கேமாக அது வந்தது. டிசைனராக ஆசைப்படுகிறவருக்கு, அரைகுறை திறந்தவெளி கேம் ஒன்றைக் காட்டுவதைவிட, பத்து நிமிடத்தில் ஆடி முடிக்கக்கூடிய ஒரு நல்ல மாட் லெவல் அதிகம் பேசும்.

என்ஜின் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். எந்த வாசலோ அந்த வாசலின் என்ஜின், அவ்வளவுதான். பெரிய 3டி வேலைகளுக்கு அன்ரியலும் சி++ம், மொபைல் பக்கம் யூனிட்டியும் சி ஷார்ப்பும். இன்ஸ்டால் ஒவ்வொன்றுக்கும் காசு என்று 2023 செப்டம்பரில் யூனிட்டி கிளப்பிய களேபரத்தில் பலர் கோடோ என்ற திறந்த மூல என்ஜினுக்குத் தாவினார்கள். ஒரு வருடம் கழித்து யூனிட்டி அதை ரத்து செய்தது. தனியாகச் செய்பவருக்குக் கோடோ இலவசம், விதி மாறும் பயமும் இல்லை. பலாட்ரோ என்ற சீட்டுக் கேம், லவ் என்ற சின்ன ஃப்ரேம்வொர்க்கில் லுவா மொழியில் எழுதப்பட்டது. அட்டை புரளும்போது வாங்கியவர் யாரும் அதைக் கேட்கவில்லை.

எனக்கு ஒரு வரிசை சொல்லச் சொன்னால், புரோகிராமருக்கும் டிசைனருக்கும் முதலில் சின்னக் குழு, ஒரு கேம் வெளியே போகும் வரை. ஓவியருக்குச் சேவை ஸ்டுடியோ. அதன்பிறகு பெரிய இடம். சேமிப்பும் இரண்டு மூன்று வெளியீடும் கையில் இருக்கும்போது தனி ஆவர்த்தனம். இதை ஒரே ஒரு விஷயத்துக்காக மாற்றுவேன். பெரிய ஸ்டுடியோவும் சின்னக் குழுவும் ஒரே வாரத்தில் கூப்பிட்டால், உங்கள் வேலையை யார் பார்த்துத் திருத்துவார் என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள். ஒரு இடத்தில் பெயர் சொல்லி, அவரோடு பதினைந்து நிமிடம் பேச வைத்தால், அது எந்த அளவு ஸ்டுடியோவாக இருந்தாலும் அங்கேயே சேர்ந்துவிடுங்கள்.