திறந்தே இருந்த சலைன் பாட்டில்

அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் உடைந்து வேர் உள்ளேயே தங்கிவிட்டதால், வேலூர்ப் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் சென்றேன். ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே, வரிசை எல்லாம் நீங்கள் அறிந்தவையே.

ஹவுஸ் சர்ஜனாக இருந்த பெண் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, புதுக் கையுறை அணிந்து, ஆட்டோகிளேவ் செய்த, அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய, கருவிப் பொட்டலத்தை எங்கள் எதிரிலேயே பிரித்தார். போட்ட ஊசி கையில் குத்திவிடாதபடி, அதன் மூடியைத் தட்டில் வைத்து ஒற்றைக் கையாலேயே மாட்டினார். மண்ணெண்ணெய் அடுப்பில் இடுக்கியைக் கொதிக்கவைத்த பல் வைத்தியரிடம் வளர்ந்த எனக்கு அது பெருமையாகவே இருந்தது.

ஆனால், எலும்பை ராவும்போது ஊற்றும் சலைனை அவர் எடுத்தது, ரப்பர் மூடியில் ஊசி குத்தியபடியே மேசையோரம் நின்ற அரை லிட்டர் பாட்டிலிலிருந்து.

"இது எப்பம்மா திறந்தது?"

"காலையிலதான் சார். எல்லாருக்கும் இதுலேருந்துதான் எடுப்போம். சலைன் ஸ்டெரைல்தானே?"

எனக்கு வாணியம்பாடி நினைவுக்கு வந்தது. 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்த ஊர். அங்கே ஒரு பல் கிளினிக்கில் 2023இல் சிகிச்சை பெற்ற பத்துப் பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியோய்டோசிஸ் என்ற பாக்டீரியா நோய் வந்து, எட்டுப் பேர் இறந்தார்கள். சுத்திகரிக்காத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, சரியாக மூடாமல் மீண்டும் பயன்படுத்தியதே வழி என்று ஆய்வாளர்கள் சுட்டினார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வருவது அது. சர்க்கரை நோயாளிகளை எளிதில் பிடிக்கும். என் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணையும் போட்டுக்கொண்டவர். இரத்தத்துக்கு அஞ்ச நன்றாகவே கற்றிருக்கிறார். 1986இல் சென்னையில் எடுத்த மாதிரிகளைச் சோதித்து, நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தது வேலூர் சி.எம்.சி. அல்லவா? நீருக்கும் அஞ்ச வேண்டும் என்பதை மட்டும் யாரும் அவருக்கு அழுத்திச் சொல்லவில்லை. கிருமித்தடுப்பு மருந்து கலக்காத சலைன், திறக்கும்வரைதான் தூயது.

நான் வசிக்கும் பர்மிங்காமில் சலைன் ஒருவருக்கெனத் திறக்கப்படும், மிஞ்சியது கொட்டப்படும். அதற்குப் பெரிய வசதி எதுவும் வேண்டியதில்லை. 100 மில்லி பாட்டில்கள் நம் ஊர் மருந்துக்கடைகளிலேயே கிடைக்கின்றன. வெளியே ஓடி ஒன்றை வாங்கி வந்தேன்; அந்தப் பெண்ணும் முகம் சுளிக்காமல் அதையே பயன்படுத்தினார். நோயாளிக்கு ஒரு சிறு பாட்டில், மூடியில் ஊசியை விட்டுவைக்கக் கூடாது என்ற இரண்டையும் துறைத் தலைவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.