ஆஸ்பில்டுங் போக கோத்தே பி1: விசாவுக்குச் சரி, பட்டறைக்கு அரைகுறை

ஜெர்மனியில் ஆஸ்பில்டுங், அதாவது சம்பளத்தோடு தொழிற்பயிற்சி, சேர விரும்புகிறவரிடம் விசாவுக்கு வழக்கமாகக் கேட்பது பி1 சான்று, அதாவது ஜெர்மன் மொழியில் நடுத்தர நிலையை எட்டியதற்கான சான்று. அங்குள்ள குடியிருப்புச் சட்டத்தின் 16ஏ பிரிவில் ஒரு விலக்கு உண்டு. பயிற்சி தரும் இடமே மொழியைச் சோதித்துவிட்டாலோ, பயிற்சிக்கு முன் ஜெர்மன் வகுப்பு ஏற்பாடாகியிருந்தாலோ சான்று வேண்டியதில்லை. விலக்கை நம்பி உட்காராமல் சென்னையில் பலர் போய் நிற்பது நுங்கம்பாக்கம் மேக்ஸ் முல்லர் பவனில், கோத்தே நிறுவனத்தின் பி1 தேர்வை எழுத.

தேர்வாக மட்டும் பார்த்தால் இது நேர்மையான சரக்கு. படித்தல் 65 நிமிடம், கேட்டல் 40, எழுத்து 60, பேச்சு ஏறக்குறைய 15. ஒவ்வொன்றும் தனி மாட்யூல், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும். கேட்டலில் கோட்டை விட்டால் அதை மட்டும் திரும்ப எழுதினால் போதும். படித்தலில் 30 கேள்வி, 18 சரியென்றால் தேறலாம். ஐந்து பகுதிக்கும் தாளிலேயே போட்டிருக்கும் நேரத்தைக் கூட்டினால் சரியாக 65. மூச்சு விடக்கூட மிச்சமில்லை. விளம்பரங்களைப் பொருத்தும் மூன்றாம் பகுதியில் ஒரு ஆளுக்குப் பொருத்தமான விளம்பரமே இருக்காது, 0 போட வேண்டும். இருப்பதில் ஏதோ ஒன்றைத் திணிப்பவர்கள் அங்கே ஒரு கேள்வியை இழக்கிறார்கள். திணித்த விளம்பரம் வேறொருவருக்கு உரியதாக இருந்தால் அதையும் சேர்த்து இரண்டு.

கேட்டலில் இரண்டாம், மூன்றாம் பகுதிகள் ஒரே தடவைதான் ஒலிக்கும். ஆஸ்திரிய, ஸ்விஸ் குரல்களும் வரும். தேர்வை மூன்று நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து செய்திருக்கின்றன. எண்களும் காலை வாரும். 45 என்பதை ஜெர்மன்காரர் ‘ஐந்தும் நாற்பதும்’ என்றுதான் சொல்வார். காதில் விழுந்த வரிசையிலேயே குறித்தால் 54 ஆகிவிடும்.

எழுத்தில் மூன்று வேலை: நண்பருக்கு 80 சொல் மின்னஞ்சல், ஒரு கருத்துக்கு 80 சொல் பதில், ஆசிரியர் மாதிரி ஒருவருக்கு 40 சொல் மரியாதைக் கடிதம். மதிப்பெண் 40, 40, 20. கேட்ட அளவில் பாதிச் சொல்லைக்கூட எட்டாவிட்டால், அல்லது தலைப்பை விட்டு விலகினால், இலக்கணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்தக் கேள்விக்கு முழு பூஜ்யம். முதல் மின்னஞ்சலில் மூன்று குறிப்பு தருவார்கள், மூன்றையும் தொட வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை. ஜெர்மனின் ‘டூ’, ‘ஸீ’ நம்முடைய நீ, நீங்கள்தான். ‘வைல்’ (ஏனென்றால்) போட்டால் வினை கடைசிக்கு ஓடுவதும் நமக்குப் பழகியதே: ‘வைல் இஷ் க்ராங்க் பின்’, நான் நோயாளியாக இருப்பதால். ஆனால் பாடம் இங்கிலீஷ் வழியாக நடப்பதால் மாணவர் இந்த இரண்டு லாபத்தையும் வாசலிலேயே விட்டுவிடுகிறார். ஸீ என்று தொடங்கிய கடிதம் நாலாவது வரியில் ‘டைன்’ (உன்) என்று வழுக்கும். ‘நீங்க சொன்னீங்க, உன் வகுப்புக்கு வர முடியல’ என்று வாத்தியாருக்கு எழுதினால் எப்படி இருக்கும்?

பேச்சில் இன்னொரு தேர்வரோடு ஜோடி. சேர்ந்து திட்டமிடுதலுக்கு 28, ஐந்து ஸ்லைடு வைத்துப் பேசும் உரைக்கு 40, கேள்வி பதிலுக்கு 16, உச்சரிப்புக்கு 16. ‘ட்ஸிம்மர்’ என்பதை ‘ஜிம்மர்’ ஆக்காமல் இருந்தாலே உச்சரிப்பில் கொஞ்சம் தேறும்.

குறை எங்கே என்றால், பிறந்தநாள் அழைப்பு, வாடகை வீடு, ஓய்வுநேரம் என்று அன்றாட வாழ்க்கையைத்தான் தேர்வு சுற்றி வருகிறது. தொழிற்பள்ளியில் முதல் மாதமே வேறு மொழி. எலக்ட்ரீஷியனுக்கு ஐந்து பாதுகாப்பு விதிகள்: மின்சாரத்தைத் துண்டி, மறுபடி ஆன் ஆகாதபடி பூட்டு, மின்னழுத்தம் இல்லையென்று சோதி, எர்த் செய்து ஷார்ட் செய், பக்கத்தில் மின்சாரம் உள்ள பாகங்களை மூடு அல்லது தடுப்பு வை. இரண்டாவது விதி ஜெர்மனில் ‘கேகன் வீடர்ஐன்ஷால்டன் ஸிஷெர்ன்’. டி.வி. போட ‘ஐன்ஷால்டன்’ என்று பி1-இல் படித்தவர், அது ‘வீடர்’ சேர்ந்து பெயர்ச்சொல்லாகி நிற்கும்போது முழிக்கிறார். அந்த இடத்தில் முழித்தால் போவது மதிப்பெண் அல்ல, விரல்.

செவிலியர் பக்கம் போகிறவருக்கு இது இன்னும் பற்றாது. இங்கே நர்ஸிங் முடித்துவிட்டு அங்கே அங்கீகாரம் கேட்பவருக்கு வழக்கமான எல்லை அடுத்த நிலையான பி2. டெல்க் என்ற தேர்வு நிறுவனம் நடத்தும் பி1-பி2 ‘ஃப்ளேகெ’ (நோயாளிப் பராமரிப்பு) தேர்வு நோயாளி, உறவினர், சக ஊழியர் பேச்சை வைத்தே அமைந்தது, வார்டுக்கு அதுதான் நெருக்கம். எந்தச் சான்றை ஏற்பார்கள் என்று நீங்கள் போகும் ஜெர்மன் மாநிலத்தின் அங்கீகார அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மற்றவர்கள் கோத்தே பி1-ஐத் தாராளமாக எழுதலாம். தேறியபின் விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் ‘பெரிஷ்ட்ஸ்ஹெஃப்ட்’ எழுதிப் பழகுங்கள். பயிற்சி பெறுபவர் தான் செய்த வேலையைக் குறித்துக் கையெழுத்து வாங்கும் பதிவேடு அது. இல்லாமல் இறுதித் தேர்வுக்கு உட்கார விடமாட்டார்கள். நடை தந்தி மாதிரி: ‘வென்டீல் ஆவுஸ்கெபாவுட், டிஷ்டுங் கெவெக்ஸெல்ட்’. வால்வு கழற்றியது, கேஸ்கெட் மாற்றியது. அகராதியில் டிஷ்டுங் என்றால் கவிதை என்றும் இருக்கும். கோத்தே என்ற கவிஞர் பெயரில் தேர்வு எழுதிப் போகிறவர் பட்டறையில் தேட வேண்டியது ரப்பர் வளையம்.