உட்லண்ட்ஸ் மேசனெட்டும் லோயாங் தரைவீடும்: எது விலைபோகத் தாமதமாகும்?

எங்கள் குடும்பத்தில் இரண்டு பெரிய வீடுகள் ஒரே சமயத்தில் விற்பனைக்கு வந்தன. ஒன்று சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் மாமாவின் எக்சிகியூட்டிவ் மேசனெட், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புளோக்கில் உள்ள இரண்டு தளப் பெரிய வீடு. மற்றது லோயாங்கில் சித்தப்பாவின் 99 ஆண்டு குத்தகைத் தரைவீடு, அதாவது நிலத்தோடு சேர்ந்த தனியார் மாடிவீடு. பெரிய வீட்டுக்கு ஆள் இல்லை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் பார்க்க வருபவர்களுக்குக் குறைவில்லை. வாங்கத் தகுதியும் பணமும் ஒருசேர உள்ளவர்கள்தாம் குறைவு, அந்தக் குறைவுக்கான காரணமும் இரண்டு வீடுகளுக்கும் வேறுவேறு.

முதலில் பணக் கணக்கு. மேசனெட்டின் விலையை ஒரு மில்லியன் வெள்ளி என்றும் தரைவீட்டின் விலையை மூன்று மில்லியன் என்றும் வைத்துக்கொள்வோம். விலை மூன்று மடங்கு என்றாலும் வாங்குபவர் அரசுக்குக் கட்டும் முத்திரைத் தீர்வை மூன்று மடங்கோடு நிற்பதில்லை: முன்னதற்கு 24,600 வெள்ளி, பின்னதற்கு 119,600 வெள்ளி. வங்கி 75 விழுக்காடு கடன் தந்தாலும் தரைவீட்டுக்கு 750,000 வெள்ளியை முன்கூட்டியே புரட்ட வேண்டும். அதில் 150,000 வெள்ளி ரொக்கமாகவே இருக்க வேண்டும். வங்கிகள் 4 விழுக்காட்டுக்குக் குறையாத வட்டியை வைத்துத்தான் கடன் தகுதியைக் கணக்கிடுகின்றன என்பதால், மொத்தக் கடன் தவணை வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதிப்படி, 30 ஆண்டுக் கடனுக்கே மாதம் ஏறத்தாழ 19,500 வெள்ளி சம்பாதிக்க வேண்டும். கடன் 65 வயதுக்குள் முடியாவிட்டால் கடன் விகிதம் குறைந்துவிடும். எனவே 45 வயதுக்காரருக்கு 20 ஆண்டுதான் கைகொடுக்கும்; அவருக்குத் தேவையான வருமானம் ஏறத்தாழ 24,800 வெள்ளி. மூன்று மில்லியன் வீட்டைத் தேடுபவர்களில் 35 வயதுக்குட்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

பணம் இருந்தாலும் எல்லாரும் தரைவீடு வாங்கிவிட முடியாது. வெளிநாட்டவரும், குடியுரிமை இல்லாமல் நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்ற நிரந்தரவாசிகளும் அதற்குச் சிங்கப்பூர் நில ஆணையத்தின் அனுமதி பெற வேண்டும். சித்தப்பா வீட்டைப் பார்த்த தமிழ்க் குடும்பங்களில் இரண்டு, தோட்டத்து முருங்கையைத் தடவிப் பார்த்து, விலையும் பேசியபின், தாங்கள் நிரந்தரவாசிகள் என்றன. குடிமக்களிலும், வீவக வீட்டை வைத்துக்கொண்டே தரைவீட்டை வாங்கினால் 20 விழுக்காடு கூடுதல் முத்திரைத் தீர்வை, அதாவது 600,000 வெள்ளி, முதலில் கட்டியாக வேண்டும்; தம்பதியர் ஆறு மாதத்துக்குள் பழைய வீட்டை விற்றால் அது திரும்பக் கிடைக்கும். அவ்வளவு தொகையை யாரும் சும்மா முடக்குவதில்லை. முதலில் தங்கள் வீட்டை விற்கிறார்கள். அது விற்கும்வரை சித்தப்பாவும் காத்திருக்கிறார். லோயாங்கில் எம்ஆர்டி ரயில் நிலையம் 2030இல்தான் திறக்கவிருக்கிறது என்பதும் பேரத்தில் தவறாமல் எழும்.

மாமாவின் மேசனெட்டுக்கு வருமானத் தடை அவ்வளவு உயரமில்லை. நிரந்தரவாசிக் குடும்பங்களும் வாங்கலாம். அங்கே தடை புளோக்கின் வடிவில் நிற்கிறது. வீவக புளோக்குகளில் ஒவ்வோர் இனத்தாரின் விகிதத்துக்கும் வரம்பு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989இல் நடப்புக்கு வந்தது. அதன்படி ஒரு புளோக்கில் சீனர்களின் விகிதம் 87 விழுக்காட்டை எட்டிவிட்டால், இந்திய உரிமையாளர் சீனருக்கு விற்க முடியாது. மாமாவின் புளோக் அந்த உச்சத்தில் இருப்பதால், ஊரில் பெரும்பான்மையாக உள்ள வாங்குவோர் அவருக்கு இல்லை. கொள்கையின் நோக்கத்தை நான் குறைசொல்லவில்லை. அதன் சுமை விற்பவர் தலையில் ஒரே அளவில் இறங்குவதில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். குத்தகை அடுத்த தடை. 1988இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகையில் 2025இல் மீதமிருப்பது 62 ஆண்டு. 30 வயதுக்காரர் வாங்கினால் அது அவருடைய 92 வயதுவரைதான் போதும். குத்தகை அவருடைய 95 வயதுவரை நீளாததால், வீட்டுக்காக அவர் தம் கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதியிலிருந்து எடுக்கக்கூடிய தொகை குறைகிறது.

சித்தப்பாவே மேசனெட்டை வாங்கிக்கொள்ளலாமே என்று அத்தை கேட்டார். அதற்கும் தடை உண்டு. தனியார் வீட்டை விற்றவர் மானியமில்லா மறுவிற்பனை வீட்டை வாங்க 15 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது 2022 செப்டம்பர் 30இல் வந்த விதி. 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அளித்த விலக்கும் நான்கறை அல்லது அதைவிடச் சிறிய வீட்டுக்குத்தான்; மேசனெட் அதைவிடப் பெரியது.

மாடிப்படி இரண்டு வீடுகளுக்கும் பொதுவான குறை. மாமா வீட்டில் படுக்கையறைகள் எல்லாம் மேலே. சாமி மேடை படிக்கட்டுக்கு அடியில். பார்க்க வந்த ஒரு பாட்டி கைப்பிடியைப் பிடித்து மூன்று படி ஏறினார், முழங்காலைத் தடவியபடி இறங்கினார், சாமி தலைக்குமேல் மிதிப்பதா என்று மகளிடம் மெல்லச் சொன்னார். 

என் கணிப்பில் தரைவீடுதான் அதிகம் தாமதமாகும். ஒரு லட்சம் குறைத்தாலும் வாங்குவோர் வட்டம் அங்கே பெரிதாக விரியாது. மேசனெட்டின் நிலை மாதந்தோறும் மாறக்கூடியது. இன விகித நிலவரம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பிக்கப்படுகிறது. அன்று காலை மாமா காப்பி குடிப்பதற்குமுன் வீவக இணையப் பக்கத்தைத் திறந்து, தன் புளோக் எண்ணைத் தட்டிப் பார்க்கிறார்.