எடைத் தராசும் சோற்று அண்டாவும்

ஆய்வு முன்னால் நடந்து கொள்கைக்கு வழிகாட்ட வேண்டுமா, கொள்கை முந்திக்கொண்டு ஆய்வு பின்னால் வந்தாலும் பரவாயில்லையா? 1980களின் தமிழ்நாட்டில் இந்த இரண்டு வழிகளும் ஒரே சமயத்தில் நடந்தன. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: குழந்தைகளின் பசி.

முதல் வழி தராசு. 1970களில் மாநிலத்தில் விரிவான ஊட்டச்சத்து ஆய்வு ஒன்று நடந்தது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளே பெரிதும் பாதிக்கப்படுகிறார்கள், இருக்கும் உணவுத் திட்டங்கள் அவர்களை எட்டவில்லை என்று அது காட்டியது. அதன் அடிப்படையில், உலக வங்கிக் கடனுடன், 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முன்னோட்டமாகத் தொடங்கியது. 6 முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு மாதாமாதம் எடை பார்த்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை கொடுத்தார்கள், தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள்.

இரண்டாவது வழி அண்டா. 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். எடை பார்க்கவில்லை, பொறுக்கி எடுக்கவில்லை; வந்த குழந்தைக்கெல்லாம் சோறு. முன்னோட்டமும் கிடையாது. சிறுவயதில் தான் பட்ட பசியைத்தான் அவர் காரணமாகச் சொன்னார். கஜானா தாங்காது என்று பொருளாதாரம் அறிந்தவர்கள் எதிர்த்தார்கள்.

சிக்கனத்தில் தராசுக்கே வெற்றி. திட்டப் பகுதிகளில் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததாக மதிப்பீடுகள் சொல்லின. ஆனால் அந்தத் திட்டத்துக்கு ஊரில் வேர் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு உருண்டை கிடைக்கிறது, என் குழந்தைக்கு ஏன் இல்லை என்று கேட்கும் தாய்க்கு வளர்ச்சி அட்டையின் கோட்டைக் காட்டிச் சமாதானம் சொல்வது எளிதல்ல. 1990களின் இறுதியில் அது அங்கன்வாடித் திட்டத்தோடு கரைந்துபோனது.

சத்துணவு அப்படிக் கரையவில்லை. ஆட்சிகள் மாறின, அண்டா அடுப்பிலேயே இருந்தது. 1989இல் முட்டையும் சேர்ந்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர உத்தரவிட்டபோது, அது முடியும் என்பதற்குத் தமிழ்நாடு கண்முன்னே சான்றாக நின்றது.

ஆய்வும் வந்தது, மிகத் தாமதமாக. பள்ளியில் மதிய உணவு உண்டு வளர்ந்த பெண்கள் தாயானபோது, அவர்களுடைய குழந்தைகளிடம் வளர்ச்சிக் குன்றல் குறைவாக இருந்ததை 2021இல் வெளியான இந்திய அளவிலான ஆய்வு கண்டது. இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். 1982இல் மூன்றாண்டு முன்னோட்டம் வைத்து அளந்திருந்தால் இந்தப் பலன் யார் கண்ணிலும் பட்டிருக்காது. அது தெரிய ஒரு தலைமுறை வளர்ந்து தாயாக வேண்டியிருந்தது. சான்று இல்லை என்பதற்காக அன்று அந்த உலையை அணைத்திருந்தால் எவ்வளவு பெரிய பிழையாகியிருக்கும்!

எனவே தொடங்குவதா வேண்டாமா என்ற கேள்வியில் நான் அண்டாவின் பக்கம்.

அதற்காக ஆய்வு தோற்றது என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கு நடந்து வரும் வயதுக்கு முன்பே வளர்ச்சி குன்றிவிடும் குழந்தையை அந்தச் சோறு எட்டுவதில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்டோரில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கிறார். அரை நூற்றாண்டுக்கு முன் அந்த ஆய்வு சுட்டிக்காட்டிய இடம் இன்னும் புண்ணாகவே இருக்கிறது. இதை ஆற்றாமையோடுதான் எழுதுகிறேன்.

காலை உணவுத் திட்டத்தில் இரு வழிகளும் ஓரளவு கைகோத்தன: 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. ஆனால் அதுவும் பள்ளி வாசலில்தான் தொடங்குகிறது. அங்கன்வாடிகளில் இன்றும் எடை பார்க்கிறார்கள், பதிவேட்டில் எழுதுகிறார்கள். எடை ஏறாத மாதத்தில் அந்த வீட்டுப் படியை யார் மிதிக்கிறார், கையில் என்ன கொண்டுபோகிறார் என்று கேட்க வேண்டும். கொட்டாம்பட்டியில் 1980இலேயே அதற்கு ஒரு பதில் இருந்தது.